மூத்தாளின் மெஷின்

கீர்த்தனா போனில் கேட்டது கொஞ்சம்தான். "அம்மா, அந்தத் தையல் மெஷினை நான் கொண்டுபோயிக்கட்டுமா? வெள்ளிக்கிழம லீவு போட்டுருக்கறேன். வண்டி புடிச்சுட்டு வர்றேன்."

"எடுத்துக்க கண்ணு. உன்ர பொருளுக்கு என்னைய எதுக்குக் கேக்கறே?" என்றாள் ரங்காத்தாள்.

குரல் நன்றாகத்தான் வந்தது. போனை வைத்த பிறகுதான் அடுப்பு மறந்துபோயிற்று. அடுப்பில் தாளிக்கப் போட்ட கடுகு கரிந்து, வீடெல்லாம் கமறி, பக்கத்து வீட்டுப் பிரியங்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "அக்கா, என்னமோ தீயுதுங்க" என்று சத்தம் போடும் வரைக்கும் அவள் அந்த மெஷின் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே அவளுக்கு வயதாகியிருந்தது. மகள் பெரிய மனுஷியானபோது கேட்பாள் என்று பயந்தாள், கேட்கவில்லை. கல்யாணத்தின்போது கேட்பாள் என்று பயந்தாள், அப்போதும் கேட்கவில்லை. இனிமேல் எங்கே கேட்கப்போகிறாள் என்று ஒருவழியாக நிம்மதியானபோது, ஆயுத பூஜை முடிந்த அந்த வாரத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டாள்.

மெஷின் என்றால் இன்றைக்குத் திருப்பூரில் பத்து வயதுப் பிள்ளைகூட மோட்டார் வைத்த மெஷினைத்தான் நினைக்கும். இது காலால் மிதிக்கிற மெஷின். சீமையிலிருந்து கப்பலில் வந்தது. கறுப்பு உடம்பில் தங்கப் பூ வேலை. மணிக்கட்டு உரசுகிற இடத்தில் மட்டும் பூவெல்லாம் போய் வழவழவென்று இருக்கும். அடியில் வட்டமான பாபினுக்குப் பதிலாகப் அடிநூலை வைத்துக்கொண்டு படகு மாதிரி நீளமாக ஒரு ஷட்டில், அது முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் தையல் விழும். வேகமாக மிதித்தால் கோபித்துக்கொள்ளும். பொறுமையாக மிதித்தால் எந்தக் கம்பெனி மெஷினும் போடாத தையலைப் போடும்.

காங்கேயம் கடைவீதியில் ஒரு தையற்காரர் கடையை மூடிவிட்டுப் போனபோது, அங்கே தேங்காய் உலர்த்தும் களம் வைத்திருந்த லிங்கசாமி அதை வாங்கினார். தன் தங்கச்சி மயிலாத்தாளின் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தார். மயிலாத்தாள் அதில் தைத்தது கொஞ்ச காலம்தான். அவள் பெற்ற கீர்த்தனா தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தபோது மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்தவள்தான் ரங்காத்தாள். குண்டடத்துக்காரி. மானாவாரிக் காடு, மழை வந்தால் சோளம், வராவிட்டால் வெறும் வானம். அதோடு ஜாதகத்தில் செவ்வாய் எங்கேயோ வேண்டாத இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசியில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த மகுடேஸ்வரனுக்கு, கைப்பிள்ளையோடு நின்ற அந்த மனுஷனுக்கு, அவளைக் கட்டிவைத்தார்கள். செவ்வாய்க்கும் திருப்தி, ஊருக்கும் திருப்தி. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள், அது வேறு விஷயம்.

அவள் வந்த அன்றைக்கே லிங்கசாமி ஆட்களோடு வந்து தங்கச்சியின் பீரோவையும் கட்டிலையும் பித்தளைப் பாத்திரங்களையும் ஏற்றினார். சுவரில் மாட்டியிருந்த படத்தையும் அவள் கண்ணில் படும் முன்னே கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். வேறொருத்தி சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் தங்கச்சியின் படம் எதற்கு என்பது அவர் நினைப்பு. ஆட்கள் மெஷினில் கை வைத்தபோது மட்டும் வேண்டாம் என்று தடுத்தார்.

"இது என்ர தங்கச்சி புள்ளைக்கு. புள்ள வளந்து கேக்கற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். அதுவரைக்கும் ஆரு வேணா ஓட்டிக்கட்டும்" என்று, பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த 'ஆரு வேணா' என்பது தான்தான் என்று ரங்காத்தாளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. பிள்ளையின்மீது பாசம் விழுந்த பிறகுதான் உறைக்க ஆரம்பித்தது.

இரண்டாந்தாரமாக வந்தவளுக்கு ஒரு முறை உண்டு. புதுச்சேலை எது எடுத்தாலும் முதலில் மூத்தாளுக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும். மூத்தாளின் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். இந்த வீட்டில் படம் இல்லை. ஆகவே மெஷின்தான் மூத்தாள். மடிப்புக் கலையாத சேலையை மெஷின் பலகையில் வைத்து, பூ வைத்து, மஞ்சள் குங்குமம் தொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, "கட்டிக்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அக்கா கட்டிப் பார்த்துத் திருப்தியானதும் இவள் உள்ளே போய் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். கல்யாணமான முதல் தீபாவளிக்கு எடுத்த வாயில் சேலையிலிருந்து அவள் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதனால் அவளுடைய எல்லாச் சேலையிலும் ஓரத்தில் எங்கேயாவது ஒரு குங்குமப் பொட்டு இருக்கும். துவைத்தாலும் போகாது.

கும்பிடுகிற சாமானையே ஓட்டிப் பிழைக்கவும் வேண்டியிருந்தது. அங்கேதான் வேடிக்கை.

கம்பெனியிலிருந்து மகுடேஸ்வரன் வெட்டி மிஞ்சின பனியன் துணியைக் கொண்டுவருவார். ரங்காத்தாள் பிள்ளைக்கு அதில் ஒரு கவுன் தைத்தாள். பார்க்க லட்சணமாக இருந்தது. பால்வாடியில் கீர்த்தனா கையைத் தூக்கியதும் அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் தையல் பட்டென்று விட்டுவிட்டது. பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும், அந்தப் பழைய மெஷினின் நேர்த்தையலில் நூல் இழுபடாது, அறுந்துபோகும். திருப்பூரில் இதற்கென்றே வேறே மெஷின்கள் உண்டு என்பது குண்டடத்திலிருந்து வந்தவளுக்கு எப்படித் தெரியும்? பிள்ளை பாதிக் கவுனோடு அழுதுகொண்டு வந்தது. இவளும் கூட உட்கார்ந்து அழுதாள்.

"உன்ர புள்ளைக்குத்தான தெச்சேன்? அதுக்கும் ஒத்துக்க மாட்டயா?" என்று மெஷினைப் பார்த்துத் திட்டினாள்.

பிறகு அவளாகவே வழி கண்டுபிடித்தாள். ஒரு கையால் துணியை முன்னாலும் ஒரு கையால் பின்னாலும் பிடித்து, தைக்கும்போதே லேசாக இழுத்துக் கொடுத்தாள். தைத்து முடித்துக் கையை விட்டதும் துணி சுருங்கி, நூல் கொஞ்சம் தளர்ந்து நின்றது. அதன் பிறகு இழுத்தாலும் அறவில்லை. கூட இழுத்தால் ஓரம் அலை அலையாக நெளியும், குறைவாக இழுத்தால் விட்டுவிடும். அந்த அளவு அவள் கைக்குப் பிடிபட ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதற்குள் கீர்த்தனா கவுன் விட்டுப்போனாலும் அழாத பிள்ளையாக ஆகியிருந்தாள்.

அப்புறம் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் ரங்காத்தாளிடம்தான் வருவார்கள். பிள்ளைகளுக்கு உள்பாவாடை, தலையணை உறை, நைட்டிக்குச் சைடு பிடிப்பது, கிழிந்த பள்ளிக்கூடப் பை. காலையில் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை, பொழுதோட வீட்டில் இந்த வேலை. மெஷினோடு பேசிக்கொண்டேதான் தைப்பாள். பிள்ளையை அடித்த நாளில் நூல் அடிக்கடி அறுந்தால், "இன்னைக்கு அக்கா மொறைச்சுட்டு இருக்கறா" என்பாள். நன்றாக ஓடினால், "மார்க் வாங்கிட்டு வந்துருக்கறாளே, பெத்தவளுக்குக் குளிர்ந்துருச்சாட்டம் இருக்குது" என்பாள். மகுடேஸ்வரன் இதைக் கேட்டு எப்போதும் சொல்வது "சரிதான்" என்ற ஒரே சொல்தான். அந்த மனுஷன் தன் முதல் கல்யாணத்துக்கும் இரண்டாம் கல்யாணத்துக்கும் அதையே சொல்லியிருப்பார்.

ரங்காத்தாளுக்கென்று பிள்ளை தங்கவில்லை. இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் போய்விட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பியது கிடையாது. கீர்த்தனாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மெஷின் மிதிப்பாள், அவ்வளவுதான். பெற்றவள் அவள் இல்லை என்பது கீர்த்தனாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி மெஷினுக்குச் சேலை வைக்கிற வீட்டில் அதை எப்படி ஒளிப்பது?

கீர்த்தனா நன்றாகப் படித்து, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலைக்குப் போனாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச்சேலை எடுத்துவந்தாள். "இப்பவே கட்டிட்டு வாம்மா, பாக்கோணும்" என்று கையில் கொடுத்தாள். ரங்காத்தாளுக்கும் அப்போதே கட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனாலும் முறை முறைதான். "சித்தெ இரு கண்ணு, அக்காவுக்கு வெச்சுட்டு வந்தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு நேராக மெஷினுக்குப் போனாள். திரும்பிப் பார்த்தபோது மகள் முகம் சுண்டிப்போயிருந்தது. பெற்றவளை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று ரங்காத்தாள் நினைத்தாள். எத்தனை இழுத்துப் பிடித்துத் தைத்தாலும் தான் தைத்தது தையல்தான், அந்தப் பக்கம் இருப்பது ரத்தம் என்று அன்றைக்கு அவள் தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டாள்.

இப்போது கீர்த்தனாவும் மாப்பிள்ளை சதீஷ்குமாரும் அருள்புரத்தில் சொந்தமாக வீடு கட்டி, ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோயிருந்தார்கள். லிங்கசாமி தாய்மாமன் முறையில் வந்து எல்லாவற்றையும் எடுத்துச் செய்தார். அன்றைக்கு மாமனும் மருமகளும் மொட்டை மாடியில் தனியாக ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்ததை ரங்காத்தாள் கவனித்திருந்தாள். போன் வந்ததும் அதையும் இதையும் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"ஏனுங்க, உங்க மச்சான்தான் ஏத்திவிட்டிருக்கறாரு. சொந்த ஊடு ஆனதும், பெத்தவ பொருளு எதுக்கு அங்க கெடக்குதுன்னு கேட்டிருப்பாரு" என்றாள் புருஷனிடம்.

"கேட்டா குடுத்தற வேண்டியதுதான? நமக்கெதுக்கு இனி அது?" என்றார் மகுடேஸ்வரன்.

"குடுக்க மாட்டேன்னு இப்ப ஆரு சொன்னா?"

"சரிதான்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அன்று ரசத்தில் உப்பு இல்லை. அதையும் அவர் சரிதான் என்றே குடித்தார்.

மெஷின் போவது பெரிய விஷயமில்லை. முழங்கால் வலி வந்து அவள் மிதிப்பதே குறைந்துபோய்விட்டது. அவள் பயந்தது வேறு. மகளுக்கும் தனக்கும் நடுவில் எழுதிக்கொள்ளாத ஒரு ஏற்பாடு இருப்பதாக அவள் நினைத்திருந்தாள். மயிலாத்தாளின் பிள்ளையும் மயிலாத்தாளின் மெஷினும் அவளிடம் விட்டுவைக்கப்பட்டவை. ஒன்றைத் திருப்பிக் கேட்டால் இன்னொன்றும் திரும்பிப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்? இனி கீர்த்தனா வருவாள், பழம் வாங்கி வருவாள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். ஆனால் தன்னை வளர்த்த ஒரு அம்மாளிடம் பேசுவதுபோலப் பேசுவாள். அம்மாவிடம் பேசுவதுபோலப் பேச மாட்டாள்.

வியாழக்கிழமை மெஷினைச் சுத்தம் செய்தாள். துணியைத் தள்ளுகிற பல்லுக்கு அடியில் அடைத்துக் கிடந்த பஞ்சை எல்லாம் ஊசியால் கிளறி எடுத்தாள். எண்ணெய் விட்டாள். தொய்ந்துபோன தோல் பெல்டை மாற்றி, கால் மிதியில் இருந்த துருவைத் தேய்த்தாள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்குத் தாட்டிவிடுகிறபோது செய்வதுபோல ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் செய்தாள். எல்லாம் முடிந்தபின், அடித்தட்டைத் தள்ளி, அந்தப் படகு ஷட்டிலை வெளியே எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. ஷட்டில் இல்லாமல் மெஷின் ஒரு தையல்கூடப் போடாது. அது இப்போது கடைகளில் கிடைப்பதும் இல்லை. மெஷின் போகட்டும், ஆனால் ஓட வேண்டுமென்றால் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்திருப்பாள். ஐம்பது தாண்டிய பொம்பளைக்கு ஆறு வயதுப் பிள்ளையின் புத்தி வந்தால் இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காத்தாலேயே வாசலில் ஒரு சின்ன யானை லோடு வண்டி வந்து நின்றது. கீர்த்தனா இறங்கினாள். கையில் ஒரு துணிக்கடைப் பை. பின்னாலேயே வெள்ளை வேட்டியோடு லிங்கசாமியும் இறங்கினார். நான் நினைத்தது சரிதான் என்று ரங்காத்தாளுக்கு ஒரு கசப்பான திருப்தி.

"வாங்கண்ணா. வா கண்ணு. காப்பி குடிக்கறீங்களா?"

"இருக்கட்டுமுங்க அம்மிணி. மொதல்ல ஏத்தீரலாம்" என்றார் லிங்கசாமி.

டிரைவரும் மகுடேஸ்வரனும் தூக்கினார்கள். இரும்புக் கால் வாசற்படியில் இடித்தபோது ரங்காத்தாளுக்குத் தன் காலில் இடித்ததுபோல இருந்தது. மெஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் நாலு மூலைக்கு வேறு நிறமாக இருந்தது. வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியானதும் லிங்கசாமி பழைய பழக்கத்தில் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். உள்ளே ஏதோ வெறுமையாக ஆடியது. அடித்தட்டைத் தள்ளிப் பார்த்தார்.

"அம்மிணி, இதுல ஷட்டில் இருக்கோணுமே?"

வாசலில் எல்லோரும் ரங்காத்தாளைப் பார்த்தார்கள். பிரியங்காகூட வாளியை வைத்துவிட்டு வந்து நின்றுகொண்டாள். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள் ரங்காத்தாள். வந்தது அழுகை. இடுப்பிலிருந்து தலைப்பை உருவி, முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஆத்திரத்தில் போட்ட முடிச்சு, அவிழ மாட்டேன் என்றது.

"அம்மா, என்னம்மா இது?" என்று கீர்த்தனா ஓடிவந்தாள்.

"எடுத்துக்க. எல்லாத்தையும் எடுத்துக்க. உங்கம்மாவுதுன்னு எனக்குத் தெரியாதா? வந்த அன்னைக்கே உங்க மாமன் சொல்லிட்டுத்தான் போனாரு, புள்ள கேக்கற வரைக்கும்னு. நீ கேட்டுட்டே. நான் இல்லீன்னா சொன்னேன்? ஆனா இதும் போயிட்டா எனக்கும் உனக்கும் நடுவுல என்ன இருக்குது, சொல்லு. இந்த ஊட்டுல நான் ஆரு? உங்கம்மா மெஷினை ஓட்டிட்டு இருந்தவ, அவ்வளவுதான?"

இத்தனை வருஷமும் உள்ளேயே வைத்திருந்தது மொத்தமும் அந்த வாசலில், டிரைவர் முன்னால், பக்கத்து வீட்டுக்காரி முன்னால் கொட்டிவிட்டது. சொல்லி முடித்ததும் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

கீர்த்தனா சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது, இரண்டும் கலந்துதான் வந்தது. முடிச்சைத் தானே பல்லால் கடித்து அவிழ்த்து, ஷட்டிலை மாமன் கையில் கொடுத்தாள்.

"மெஷினை நான் எதுக்குக் கேட்டேன்னு நெனைச்சே? எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது. மொத சம்பளத்துல உனக்குச் சீலை எடுத்துட்டு வந்தனே, ஞாபகம் இருக்குதா? நான் உனக்குத்தான எடுத்தேன்? நீ என்ர கையில வாங்குனதும் நேரா அங்க கொண்டுபோயி வெச்சே. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எனக்குப் புத்தி தெரிஞ்ச நாள்ல இருந்து பாக்கறேன். ஒரு சீலையாவது நீ மொதல்ல கட்டியிருக்கறயா? அவிய கட்டி முடிச்சுத்தான் நீ கட்டறே. அவியள நான் வேண்டாம்னு சொல்லல. என்னையப் பெத்தவங்க. ஆனா என்ர அம்மா எதுக்கு எப்பவும் ரண்டாவதாக் கட்டோணும்?"

ரங்காத்தாள் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "அது முறை கண்ணு. அதுக்கு ஆரு என்ன பண்ண முடியும்?"

"முறைதானுங்க அம்மிணி" என்று லிங்கசாமி முன்னால் வந்தார். சுவரைப் பார்த்துப் பேசுகிற மனுஷன் இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். "அந்த முறையிலயே ஒரு வழி இருக்குதுங்க. பெத்த புள்ள தலையெடுத்து, அதுக்குன்னு ஒரு ஊடு ஆயிட்டா, அது பெத்தவள ஏத்து வெச்சுக் கும்புட்டாப் போதும். ரண்டாவதா வந்தவிய மேல அந்தக் கடமை நிக்காது. கீர்த்தனாப் புள்ள பால் காய்ச்சுன அன்னைக்கு என்னைய மாடிக்குக் கூட்டிட்டுப் போயி இதத்தான் கேட்டுச்சு. நானும் எங்கூர்ல பெரியவியள விசாரிச்சேன். அப்படித்தான்னு சொல்லிட்டாங்க. தங்கச்சி படத்தையும் எடுத்துட்டு வந்துருக்கறேன், வண்டியில இருக்குது. புள்ள ஊட்டுல மாட்டிக்கட்டும். இத்தன வருசம் நீங்க ஒருத்தரே செஞ்சீங்க. என்ர தங்கச்சிக்கு ஒரு கொறையும் வெக்கல. போதுமுங்க."

தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் அன்னைக்குப் பேசுன பேச்சும் சரியில்லைங்க. எம்பட துக்கத்துல பேசிட்டேன்" என்றார்.

மகுடேஸ்வரன் வாயைத் திறந்தார். எல்லோருக்கும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியும். கீர்த்தனா, "அப்பா, நீங்க சித்தெ சும்மா இருங்க" என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

துணிக்கடைப் பையில் இரண்டு சேலை இருந்தது. ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட மற்றொன்றை கீர்த்தனா ரங்காத்தாளின் கையில் கொடுத்தாள். "தீவாளிக்கு எடுத்தது. தீவாளி வரைக்கும் நான் பொறுக்க மாட்டேன். இப்பவே கட்டிட்டு வா."

ரங்காத்தாள் சேலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கால் தானாக அந்த மூலைக்குப் போயிற்று. வைப்பதற்குப் பலகை இல்லை. குங்குமச் சிமிழை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. மெஷின் இருந்த இடத்தையும் கையில் இருந்த சேலையையும் மாறி மாறிப் பார்த்தாள். திருட்டுத்தனம் பண்ணுவதுபோல இருந்தது. பிறகு கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை உள்ளே நின்றுகொண்டு சாத்தினாள்.

மடிப்பைப் பிரித்தபோது புதுத்துணியின் கஞ்சி வாசம் வந்தது. இதற்கு முன்னால் புதுச்சேலைகளில் எல்லாம் அவளுக்குக் கற்பூர வாசம்தான் வரும். கொசுவம் விறைப்பாக நின்று சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. முந்தானையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். ஓரத்தில் எங்கும் பொட்டு இல்லை. நெஞ்சில் பாரமாக இருந்த ஒன்றை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன பிறகுதான், இத்தனை நாளும் அது பாரமாக இருந்தது என்பதே அவளுக்குத் தெரிந்தது. பாவம் அக்கா, அவளும்தான் இந்த வீட்டில் மாட்டிக்கொண்டு கிடந்தாள் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பிரியங்கா, "அக்கா, கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கறீங்க" என்றாள். கீர்த்தனா மண்டியிட்டு உட்கார்ந்து கொசுவத்தின் அடியை இழுத்துச் சரிசெய்தாள். "நடந்து காட்டும்மா" என்றாள். ரங்காத்தாள் வாசலில் நாலடி நடந்து காட்டினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீயும் ஏறும்மா. அங்க வந்து எங்க வெக்கறதுன்னு நீதான் சொல்லோணும். வாரத்துக்கு ஒருக்கா வந்து ஓட்டியும் குடுக்கோணும். எனக்குத் தெச்சுக் குடுக்கறதுக்கு வேற ஆரு இருக்கறாங்க?"

"எனக்கு முழங்கால் வலி."

"மாப்பிள்ள ஒரு மோட்டார் மாட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கறாரு."

"மோட்டாரா? அக்கா கடிச்சுத் துப்பீருவா" என்றாள் ரங்காத்தாள். லிங்கசாமி சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அருள்புரத்து வீட்டில், முன்னறையில் ஜன்னலோரம் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து ரங்காத்தாள்தான் மெஷினை நிறுத்தச் சொன்னாள். அதற்கு மேலே லிங்கசாமி படத்தை மாட்டினார். கல்யாணக் கோலத்தில், கன்னம் ஒட்டாத வயதில் மயிலாத்தாள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரங்காத்தாள் அந்த முகத்தைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. மெஷினின் முகத்தைத்தான் அவள் அக்காவின் முகமாக நினைத்திருந்தாள். இந்தப் பெண் தன் மகளைவிடச் சின்னவளாக இருந்தாள். மூக்கு கீர்த்தனாவின் மூக்கு.

கீர்த்தனா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, இரண்டாவது சேலையை மெஷின் பலகையில் வைத்தாள். குங்குமத்தை நிறைய எடுத்து அப்பிவிட்டாள். பூவைத் தலைகீழாக வைத்தாள். கற்பூரத் தட்டை எந்தக் கையில் பிடிப்பது என்று ஒரு கணம் தடுமாறினாள். ஒவ்வொன்றுக்கும் ரங்காத்தாளின் வாய் வரைக்கும் வார்த்தை வந்தது. பேசாமல் இருந்தாள். பிள்ளை தன்னைப் பெற்றவளுக்குச் செய்கிறாள், தப்பும் தவறுமாகத்தான் செய்யட்டும்.

கற்பூரம் எரிந்தது. ரங்காத்தாள் ஓரமாக நின்று கை கூப்பினாள். இத்தனை வருஷமும் அந்த மெஷினுக்கு முன்னால் கற்பூரம் காட்டும்போதெல்லாம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சேலை கட்டிக்க அக்கா என்று வாய் சொல்லும், உள்ளே மனசு வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்: அக்கா, புள்ளைய மட்டும் என்கிட்ட இருந்து வாங்கீராத. புருஷனிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. இன்றும் பழக்கத்தில் அதைக் கேட்கக் கண்ணை மூடினாள். கேட்கத் தோன்றவில்லை. வேறு எதையாவது கேட்கலாம் என்று யோசித்துப் பார்த்தாள். அதற்கும் ஒன்றும் அகப்படவில்லை.

"நல்லா இரு அக்கா" என்று மட்டும் சொன்னாள்.